வாலில் இரண்டு ஆர்ஜினின்

"அம்மாவுக்குப் போட்டுவந்த பழைய இன்சுலின் பால்போல் கலங்கலாக இருக்கும், பாட்டிலை உள்ளங்கையில் உருட்டித்தான் எடுப்போம். இப்போது தரும் கிளார்ஜின் தண்ணீர் மாதிரி இருக்கிறதே, இதுவா நாள் முழுக்க வேலை செய்யும்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் பால் திரிவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாலின் பிஎச் ஏறக்குறைய 6.7. அதில் கேசீன் துகள்கள் எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கின்றன. எலுமிச்சை பிழியப் பிழியச் சுமை குறைகிறது, 4.6-இல் கணக்கு நேராகிவிடும். தள்ளிவைக்க எதுவுமில்லாததால் திரள்கின்றன. அந்த 4.6-தான் கேசீனின் சமமின் புள்ளி.

ஒரு புரதத்தில் எதிர்மின்சுமை தரும் குளுட்டாமிக், அஸ்பார்டிக் அமிலங்கள் மிகுந்தால் இந்தப் புள்ளி இறங்கும். நேர்மின்சுமை தரும் லைசினும் ஆர்ஜினினும் மிகுந்தால் ஏறும். மனித இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் குளுட்டாமிக் 4, லைசினும் ஆர்ஜினினும் ஒவ்வொன்று. அதனால் புள்ளி 5.4-ஐ ஒட்டி நிற்கிறது. உடம்பின் 7.4-இல் அது கரைந்தே இருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

கிளார்ஜினில், இன்சுலினின் இரு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியின் வாலில் இரண்டு ஆர்ஜினின் கூட்டினார்கள். அவ்வளவுதான், புள்ளி 6.7-க்கு ஏறிவிட்டது! பாட்டிலுக்குள் பிஎச் 4, ஆகவே தெளிவு. தோலுக்கடியில் போனதும் அமிலம் நீங்கி, நுண்ணிய படிவாக உறைந்து, ஒரு நாள் பொழுதுக்குச் சிறுகச் சிறுகக் கரைகிறது. அம்மாவின் பாட்டிலில் நீங்கள் பார்த்த கலங்கல், இதில் உடம்புக்குள் நடக்கிறது. அமிலத்தில் கிடந்தால் கெட்டுப்போகும் ஓர் அஸ்பராஜினை மட்டும் எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிதான். பழைய கலங்கல் இன்சுலினின் ரகசியமும் ஆர்ஜினின்தான். 1936-இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன், மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தார். சால்மன் மீனின் புரோட்டமினில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின். அன்று வெளியிலிருந்து வந்து ஒட்டியது, இன்று இன்சுலினின் உடம்பிலேயே கோக்கப்பட்டிருக்கிறது.

பழைய கலங்கல் மருந்தையும் ரெகுலர் இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் எடுப்பது வழக்கம். அதே பழக்கத்தில் என் உறவினர் ஒருவர் கிளார்ஜினையும் ரெகுலரையும் சேர்த்து இழுத்தார். எவரும் அவரை எச்சரிக்கவில்லை. இவ்விரண்டையும் கலக்கக் கூடாது என்பதை மருந்தைக் கையில் கொடுப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். ரெகுலரின் பிஎச் ஏறத்தாழ 7. தோலுக்கடியில் உறைய வேண்டியது, அவர் கையிலிருந்த சிரிஞ்சுக்குள்ளேயே வெள்ளையாகக் கலங்கியது.