லாபம் கருதாத பிரசுர ஸ்தாபனமும் பயிர் ஆராய்ச்சியும்

நிலத்தில் முன்பின் கண்டிராத நோயொன்று தோன்றுமாயின், விவசாயிக்கு உடனே மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்நோய் யாது? வேறெங்கேனும் இது கண்டதுண்டா? அங்குள்ளோர் இதற்கு என்ன செய்தனர்? இவற்றிற்குரிய விடை பல சமயங்களில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கும். ஆயின் அது வேறொரு தேசத்தில், வேறொரு பாஷையில், நாம் கேட்டிராத ஒரு சஞ்சிகையில் அடங்கிக் கிடக்கும். எட்டாத இடத்திலுள்ள அறிவு இல்லாத அறிவுக்கு ஒப்பாகும். இக்குறையை நீக்கும் பொருட்டு, லாபத்தைக் கருதாது நூறாண்டுக்கு மேலாக உழைத்து வரும் ஒரு பிரசுர ஸ்தாபனத்தைப் பற்றி ஈண்டு விவரிப்போம்.

ஸ்தாபனத்தின் வரலாறு

ஸி. ஏ. பி. ஐ. என்று சுருக்கமாக வழங்கும் இந்த ஸ்தாபனம் இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆப்பிரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலுள்ள பூச்சிகளை ஆராய்வதற்காக 1910-ஆம் ஆண்டில் லண்டனில் நியமிக்கப்பட்ட ஒரு குழுவே இதன் தொடக்கம். அக்குழு 1913-இல் பூச்சியியலுக்கான ஒரு தனி அலுவலகமாக மாறிற்று. உலகெங்கும் வெளியாகும் பூச்சி ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சாரத்தைத் திரட்டித் தரும் சஞ்சிகையும் அவ்வாண்டே தொடங்கப்பெற்றது.

பயிர் நோய்களை உண்டாக்கும் பூஞ்சணங்களுக்கென 1920-இல் கியூ நகரில் மற்றோர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதன் முதல் டைரக்டராக அமர்ந்த எட்வின் ஜான் பட்லர், அதற்கு முன் ஏறக்குறைய இருபதாண்டு இந்தியாவில் பணியாற்றியவர். பீஹாரிலுள்ள பூசா ஆராய்ச்சிசாலையில் இருந்து கொண்டு நம் நாட்டுப் பயிர் நோய்களை ஆராய்ந்தவர். பூஞ்சண நோய்க் கட்டுரைகளின் சாரம் 1922 முதல் வெளிவரலாயிற்று. இவ்வலுவலகங்கள் பலவும் பின்னர் ஒரே நிர்வாகத்தின் கீழ்ச் சேர்க்கப்பட்டு, 1948-இல் காமன்வெல்த் விவசாய அலுவலகங்கள் என்று பெயர் பெற்றன. இப்பொழுது இந்தியா உட்பட ஏறக்குறைய ஐம்பது தேசங்கள் அங்கத்தினராக உள்ள சர்வதேச ஸ்தாபனமாக இது விளங்குகிறது.

சாரம் திரட்டும் வேலை

இங்கு நடைபெறும் முக்கியமான வேலை யாதெனில், பல தேசங்களிலும் பல பாஷைகளிலும் வெளியாகும் விவசாய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றின் சாரத்தையும் சில வரிகளில் எழுதி, பயிரின் பெயர், பூச்சி அல்லது நோயின் பெயர், தேசம் முதலிய தலைப்புக்களின் கீழ் வகைப்படுத்தி வைத்தலாம். ஒரு கிராமத்தின் நிலங்களனைத்தையும் அடங்கல் கணக்கில் காண்பது போல, உலகின் பயிர் ஆராய்ச்சி முழுவதையும் ஒரே இடத்தில் காண இது வகை செய்கிறது. இவ்வாறு சேர்ந்த சாரங்கள் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்டுள்ளன. அவை கம்ப்யூட்டர் மூலம் தேடத்தக்க நிலையில் உள்ளன. ஓர் ஆராய்ச்சியாளர் புதிய சோதனையைத் தொடங்குமுன் இதனைப் பார்ப்பாராயின், பிறர் முன்னரே செய்து முடித்ததை மீண்டும் செய்து காலத்தையும் பொருளையும் வீணாக்க வேண்டியதில்லை.

இன்ன நோய் இன்னின்ன தேசங்களில் உள்ளதெனக் காட்டும் படங்களையும் இந்த ஸ்தாபனம் 1942 முதல் வெளியிட்டு வந்திருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வரும் விதையையும் செடியையும் துறைமுகத்தில் சோதிக்கும் அதிகாரிகளுக்கு இத்தகைய படங்கள் பெரிதும் பயன்படுவன.

சரியான பெயரின் அவசியம்

பூச்சிக்கும் நோய்க்கும் சரியான பெயரிடுவது புலவர்களுக்குரிய வீண் வேலையென்று சிலர் எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரி டெல்டாவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பனைமரங்களின் குருத்து அழுகி மரங்கள் மடிந்தன. பட்லர் அதனை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தை 1907-இல் விவரித்துப் பெயரிட்டார். நோயுற்ற மரங்களின் தலையை வெட்டி எரிக்கும் வேலையை அன்றைய சர்க்கார் மேற்கொண்டது. அதே பூஞ்சணம் தென்னையின் குருத்தையும் கொக்கோவின் காய்களையும் அழுகச் செய்வதென்று பின்னர் தெளிவாயிற்று. கோதாவரிப் பனையில் கண்டறியப்பட்ட விவரம் மேற்கு ஆப்பிரிக்காவின் கொக்கோ விவசாயிக்கும் உதவுவதாயிற்று. பெயர் ஒன்றாக நிலைபெற்றிராவிடில், இவ்விரு தேசத்தாரும் ஒரே பகைவனுடன் போராடுவதை அறிந்திரார்.

இக்காரணம் பற்றியே இந்த ஸ்தாபனம் நூல்களோடு நில்லாமல், உலர்த்திய பூஞ்சண மாதிரிகளையும் உயிருள்ள பூஞ்சண வளர்ப்புக்களையும் சேகரித்துக் காத்து வந்தது. ஏறக்குறைய 4,00,000 உலர் மாதிரிகள் 2009-இல் கியூ தாவரத் தோட்டத்தின் பாதுகாப்புக்கு மாற்றப்பட்டன.

மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை

அறிவு தேசம் விட்டுத் தேசம் செல்வதால் விளையும் பயனுக்கு மரவள்ளி மாவுப்பூச்சியின் வரலாறே சிறந்த சான்று. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் மத்திய ஆப்பிரிக்காவில் தோன்றிற்று. அதன் இயற்கைப் பகைவர்கள் அங்கு இல்லாமையால், அது விரைவில் பரவிக் கோடிக்கணக்கான ஏழை மக்களின் உணவுப் பயிரை நாசமாக்கியது. இதன் தாயகத்தைத் தேடிச் சென்றோர் முதலில் இதனையொத்த வேறொரு மாவுப்பூச்சியைக் கண்டு, இதுவே அது என மயங்கினர். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பயன்படவில்லை. பெயர் பிழைபடின் பரிகாரமும் பிழைபடும் என்பதை இங்கே காண்க.

உண்மையான பூச்சி 1981-இல் பராகுவே தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு சிறு குளவியும் அங்கே கிடைத்தது. மேற்சொன்ன ஸ்தாபனத்தின் உயிரியல் கட்டுப்பாட்டுப் பிரிவு அக்குளவிகளைச் சேகரித்து, இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்து, நைஜீரியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது. அந்நிலையத்தார் அவற்றைப் பெருக்கி ஆப்பிரிக்காவின் பல தேசங்களிலும் விட்டனர். பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கிற்று. இப்பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரன் என்பாருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இதே பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, நம் மாநிலத்தின் சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களிலும் பரவிற்று. அப்போது நம் விஞ்ஞானிகள் புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை. நாற்பதாண்டு அனுபவம் எழுத்தில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து 2021-இல் அக்குளவி வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் சோதித்துப் பெருக்கப்பெற்று, 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் விடப்பட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த ஸ்தாபனத்துக்குப் பங்குதாரர்கள் இல்லை. ஆதலால் லாபப் பங்கு கொடுக்க வேண்டியதுமில்லை. சர்வகலாசாலைகளும் நூல்நிலையங்களும் செலுத்தும் சந்தா, புத்தக விற்பனை, அங்கத்தினர் தேசங்களின் காணிக்கை, குறித்த வேலைகளுக்காகப் பல சர்க்கார்கள் அளிக்கும் மானியம் ஆகியவையே இதன் வருமானம். பிரசுரத்தில் மிஞ்சும் தொகை ஆராய்ச்சிக்கும், மாதிரிகளைக் காப்பதற்கும், விவசாயிகளுக்குப் போதிப்பதற்கும் திரும்புகிறது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. சாரத் தொகுப்பு சந்தா செலுத்துவோர்க்கே உரியதாதலின், பொருள் வசதியற்ற கலாசாலைகளுக்கு அது எளிதில் எட்டுவதில்லை. இதனை உணர்ந்தே, பயிர்ப் பூச்சி நோய்களைப் பற்றிய தகவல் களஞ்சியம் ஒன்றையும், அயல்நாட்டிலிருந்து புகுந்து பரவும் பூச்சிகளையும் களைகளையும் பற்றிய தொகுப்பையும் ஸ்தாபனத்தார் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்து வைத்துள்ளனர். விவசாயி தன் நோயுற்ற செடியைக் கொணர்ந்து காட்டி ஆலோசனை பெறும் பயிர் மருத்துவ முகாம்களை 2011-இல் தொடங்கிய திட்டத்தின் மூலம் பல தேசங்களிலும் பரப்பினர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயிலாக நம் மாநிலத்திலும் இத்தகைய முகாம்கள் நடத்தப்பெற்றன.

நம் கடமை

மேற்கூறிய ஏற்பாடுகள் யாவும் ஏதோ ஒரு வயலில் ஒரு விவசாயி கண்டு சொன்ன செய்தியிலிருந்தே தொடங்குகின்றன. அச்செய்தி ஒரு மாதம் தாமதித்தால் நோய் அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும். ஆகவே, மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நலம்.

1. புதிய நோயோ பூச்சியோ கண்டவுடன் வட்டார விவசாய உத்தியோகஸ்தருக்குத் தெரிவிக்க வேண்டும்.

2. மாதிரி எடுக்கும்போது முற்றிலும் அழுகிய பாகத்தை விடுத்து, நல்ல பாகமும் கெட்ட பாகமும் சேரும் இடத்தை எடுக்க வேண்டும். இலைகளை ஈரமின்றிக் காகிதத்தில் சுற்றுக. பிளாஸ்டிக் பையில் இட்டால் வியர்த்து அழுகிவிடும். பூச்சிகளை ஸ்பிரிட் விட்ட சிறு சீசாவில் இட்டு இறுக மூடுக. உயிருள்ள பூச்சியை ஊர் விட்டு ஊர் கொண்டு செல்லலாகாது.

3. கிராமம், சர்வே நம்பர், தேதி, பயிரின் ரகம், நட்ட நாள், முந்திய பயிர், இட்ட உரம், அடித்த மருந்து ஆகிய விவரங்களை எழுதி மாதிரியுடன் சேர்க்க வேண்டும். விவரமில்லாத மாதிரி பாதிப் பயனே தரும்.

4. மாவுப்பூச்சி கண்ட தோட்டத்திலிருந்து மரவள்ளிக் கரணைகளை விலைக்கோ இனாமாகவோ வேறிடத்துக்குக் கொடுக்கலாகாது. குளவி விடப்பட்ட பகுதிகளில் உத்தியோகஸ்தரைக் கேளாமல் பூச்சிமருந்து தெளித்தால், பகைவனோடு நண்பனும் மடியும்.

பட்லரின் கைக்கு வந்த அழுகிய பனங்குருத்தும் கோதாவரிக் கிராமமொன்றில் வெட்டப்பட்டதுதான். நம் கிராமத்திலிருந்து தக்க விவரத்துடன் செல்லும் மாதிரியும் அவ்வாறே எங்கோ ஓர் அயல்நாட்டு விவசாயியின் பயிரைக் காக்கக்கூடும். அவன் வயலில் கண்டது நம் பயிரைக் காத்ததைப் போல.