புணே கேம்ப்பில் ஒரு பகல்

சென்னை–மும்பை ரயில் பயணத்தில் ஒரு பகல் இறங்கிப் பார்க்கத் தகுந்த இடம், புணே ரயில் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள கேம்ப். 1817இல் பேஷ்வாவை வென்ற ஆங்கிலேயர் அமைத்த படைமுகாம் இது.

முதலில் பார்க்க வேண்டியது ஓஹெல் டேவிட் யூத ஆலயம். பாக்தாத்திலிருந்து வந்த வணிகர் டேவிட் சாசூன் கட்டத் தொடங்கிய இச்செங்கல் கட்டடம் 1867இல் முடிந்தது. உயர்ந்த கடிகாரக் கோபுரத்தைப் பார்த்தால் கிறித்தவத் தேவாலயம் என்றே தோன்றும். 1864இல் மறைந்த சாசூனின் கல்லறையும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

பிறகு மகாத்மா காந்தி சாலைக் கடைகள், சிவாஜி மார்க்கெட். ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுக்குப் பேர்போன கயானி பேக்கரி மதியம் மூடிவிடும். காலையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

பிற்பகலை ஆகா கான் மாளிகைக்கு ஒதுக்கலாம். கேம்ப்புக்கு வெளியே இருந்தாலும் தவறவிடக் கூடாத இடம். காந்தி 1942 முதல் 1944 வரை காவலில் இருந்த அங்கேதான் கஸ்தூர்பா உயிர்நீத்தார். அவரது சமாதியும் அங்கேயே இருக்கிறது.