உறைந்த குதிரை விந்தில் உயிர் மிஞ்சியிருக்கிறதா? அறிவது எப்படி?

பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனுக்குள், அரை மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குழலில் வருஷக்கணக்காக நித்திரை செய்த பொலிகுதிரையின் விந்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷம் கிடந்து உருகியதும், அதனுள் ஜீவன் மிஞ்சியிருக்கிறதா என்று நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

உடற்சூட்டுக்கு வெதுப்பிய கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை வைத்து, நுண்பெருக்கி வழியே பாருங்கள். (சில்லிட்ட தகட்டில் வைத்துவிட்டு, விந்தணுக்கள் சோம்பிக் கிடக்கின்றன என்று பழி சொல்வது நியாயமன்று.) நூற்றுக்கு 30 அணுக்களேனும் முன்னோக்கி நீந்தினால் ஏற்கத்தக்கது என்பது பொதுவழக்கு.

ஆனால் நீச்சல் ஒன்றே போதுமான சாட்சியாகுமா? உறையும்போது நேரும் சேதத்தில் முக்கியமானது, அணுவைப் போர்த்திய சவ்வு பழுதாவது. ஆகவே சவ்வைச் சோதிக்க, அணுக்களை உப்புச்சத்துக் குறைந்த திரவத்தில் விடுகிறார்கள்.

கமலையில் பூட்டிய தோல்சாலை நினைத்துக்கொள்ளுங்கள்: கிழிசலற்ற சால் நீரை வாங்கி உப்பும், கிழிந்ததோ, வாங்கியதையெல்லாம் ஒழுகவிட்டுத் தொய்ந்து கிடக்கும். அவ்வண்ணமே, சவ்வு பழுதற்ற அணு நீரை உள்ளிழுத்துப் புடைக்க, அதன் வால் கொக்கிபோல் சுருண்டுகொள்ளும். பழுதுற்றதன் வால் நீட்டியபடியே நிற்கும்.

இத்தனையிலும் தேறிய விந்து சினை பிடிக்காமற் போவதுண்டு. சில பொலிகுதிரைகளின் விந்தோ, புதிதில் எவ்வளவு துடிப்பாயிருந்தாலும், உறைவைத் தாங்குவதேயில்லை.