எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை!



வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் மணி பார்ப்பவர் பலர். அதில் பதித்திருக்கும் கல்வெட்டைப் படிப்பவர் சிலரே. 1914-ஆம் ஆண்டு மூண்ட முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அக்கல் கூறுகிறது. அந்த 14 பேர் யாவர்? எத்தெருவினர்? யார் பெற்ற பிள்ளைகள்? கல்லில் விடை இல்லை.

நம் நாட்டின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் பெயர், சென்றவர் தொகை, மாண்டவர் தொகை. இவ்வளவே வாசகம்.

பெயர் பொறித்த ஊர்கள்

அதே போரில் பிரான்சு நாட்டுச் சிற்றூர்களும் தம் மைந்தரை இழந்தன. போர் முடிந்த சில ஆண்டுகளில் அங்கு ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் நினைவுத் தூண்கள் எழுந்தன. இறந்தோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவற்றில் பொறிக்கப்பட்டன. பிள்ளையின் உடலைக் காணாத தாய்க்கு, கைவைத்துத் தடவிப் பார்க்க ஒரு பெயரேனும் கிடைத்தது.

நம்மவர் நிலை என்ன? 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். பதவி, இனம், மதம் எனும் வேற்றுமையின்றி அனைவரையும் ஒரே தரத்தில் நினைவுகூர வேண்டும் என்பதே, 1917-இல் பிரிட்டிஷ் பேரரசு நிறுவிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. பிரான்சின் நூவ் சப்பேலில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. ஆனால், ஈராக்கின் பாஸ்ராவில் 1929-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில், அதிகாரிகள் அல்லாத இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர்.

2021-ஆம் ஆண்டு அந்த ஆணையமே இத்தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, அறவே நினைவின்றியோ விடப்பட்டனர் என்று அதன் அறிக்கை கூறிற்று.

வோக்கிங் தரும் பாடம்

இங்கிலாந்தின் வோக்கிங் நகரில், அந்நாட்டில் மாண்ட முஸ்லிம் இந்திய வீரர்களுக்காக 1917-இல் ஓர் அடக்கத்தலம் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் உடல்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன, இடம் பாழடைந்தது. ஆயினும் அந்நகரத்தார் அதனைச் சீராக்கி, 2015-இல் அமைதிப் பூங்காவாகத் திறந்தனர். இரு உலகப் போர்களிலும் மாண்டு அங்கு அடங்கிய 27 பேரின் பெயர்கள் இன்று கல்லில் உள்ளன. அயலூரார் நம்மவர் பெயரைக் காத்திருக்க, நாம் வாளாவிருப்பது தகுமா?

"அது வெள்ளையர் போர்தானே?" எனச் சிலர் கேட்கக்கூடும். உண்மையே. பாஸ்ரா பகுதியில் எதிரே நின்றது துருக்கியப் படை என்பதையும் நாம் அறிவோம். அப்போரின் நியாயத்தைப் பற்றி ஆயிரம் வினாக்கள் எழுப்பலாம். ஆனால், போர் யாருடையதாயினும் இறந்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் பெயரைச் சொல்வது போரைப் போற்றுவதாகாது.

நாம் செய்யக்கூடியவை

முதலில், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பெட்டியில் வெள்ளிப் பதக்கம் ஏதேனும் இருப்பின், அதனை எடைக்குப் போடுமுன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்க விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். கல்லில் இல்லாத பெயர் அங்கே கிடைக்கலாம்.

பிறகு, அந்த ஆணையத்தின் பதிவேட்டை இணையத்தில் பெயர் கொண்டு தேடுங்கள். பிற்காலப் போர்களில் மாண்டவர் பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கிடைத்த பெயர்களை மதம், சாதி பாராமல் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு பலகையில் எழுதி வையுங்கள்.

செவிவழிச் செய்தி அறிந்த கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்கள் கண்மூடுமுன் கேட்டு எழுதுங்கள். நாளை கேட்க ஆளிராது.