பேதி கண்டவருக்கு வீட்டில் செய்யும் பணிவிடை

சென்ற கோடையில் கடன் பாக்கி குறித்து விசாரிக்க, உக்கடம் பகுதியில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தறி இரண்டு நாட்களாக ஓடவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பேதி; கண்கள் குழி விழுந்திருந்தன, நா வறண்டிருந்தது. "தண்ணி குடுத்தா இன்னும் போகுமுங்க, அதனால நாக்கை மட்டும் நனைக்கிறோமுங்க" என்றார் அம்மிச்சி. அன்பினால் செய்ததுதான்; ஆயினும் உயிருக்கு உலை வைக்கும் காரியம். பாக்கியை மறந்து மருத்துவமனைக்கு வண்டி பிடித்தோம். குழந்தை பிழைத்தது.

லங்கணமே பரம ஔடதம் என்னும் பழமொழி அஜீரணத்துக்குப் பொருந்தலாம், பேதிக்குப் பொருந்தாது. பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடலினின்று வெளியேறும் நீரும் உப்புமே. அவற்றை ஈடுசெய்வதே பணிவிடை செய்வோரின் முதற்கடமை.

வெறும் நீர் போதாதோ எனில், போதாது. சிறுகுடல் சர்க்கரையையும் உப்பையும் ஒருங்கே உள்ளிழுக்கிறது; அவை செல்லும் வழியே நீரும் செல்கிறது. பேதியின்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. ஊடையின்றிப் பாவு மட்டும் துணியாகுமா?

1971-ஆம் ஆண்டில் வங்க தேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பங்காவ் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா ஆகியவற்றை நீரிற் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மடிந்துகொண்டிருந்த நோயில், அவருடைய குழுவினர் கவனித்தவர்களுள் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைந்தது. புகட்டியவர்கள் தாயும் தமக்கையுமே அன்றி, பயிற்சி பெற்ற தாதிகள் அல்லர் என்பதை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். இது பெருந்தவறு, உப்பு மிகுந்தால் தீங்கு விளையும். சாயத்துக்கு அளவு பார்க்கும் கை இதற்கும் அளவு பார்க்கட்டும். பொட்டலத்தில் குறித்த அளவு நீரைக் காய்ச்சி, ஆறவைத்து, முழுவதையும் கரைக்கவும். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடவும். பொட்டலம் கிட்டாதபோது, ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

ஒவ்வொரு முறை கழிந்த பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட சிறுவருக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகப் புகட்டவும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்பிட்ட கஞ்சி, மோர்ச்சோறு, இட்லி, வாழைப்பழம் யாவும் கொடுக்கலாம். சோடாக்கடைச் சர்க்கரைப் பானங்கள் ஆகா. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாட்கள் முடியக் கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மலம் கழுவிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கரண்டியைத் தொடலாகாது.

மலத்தில் இரத்தம், சிறுநீர் இன்மை, கிள்ளிவிட்ட வயிற்றுத்தோல் மெல்லத் திரும்புதல், மயக்கம், குடிக்க இயலாமை இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நினைவு தெளிவாயிருந்து விழுங்க முடிந்தால், போகும் வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லலாம்.