விம்பிள்டனும் வீட்டுச் சுவரும்

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் அதிகாலை மணி ஒலித்து அடங்கியதும், அயல் வீதியிலிருந்து ‘தொப், தொப்’ என்று மற்றோர் ஓசை எழுவதைச் சில வாரங்களாக நாம் கேட்டு வருகிறோம். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், வீட்டின் பின்சுவரில் மூன்றடி உயரத்திற் சுண்ணாம்புக் கோடு கீறி, அதன்மேல் டென்னிஸ் பந்தை அடித்துப் பழகும் ஓசை அது. வரப்போகும் போட்டியொன்றுக்கு அவர் பெயர் கொடுத்திருக்கிறார். அவருடைய தந்தையாரோ நம்மைக் கண்டதும், “பந்தடிச்சுக்கொண்டு திரிஞ்சால் சோதினை எழுதுறது ஆர்? நீங்களாவது தம்பிக்குச் சொல்லுங்கோ” என்று குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான கவலைதான். ஆயினும் விடை கூற நமக்கு உடனே நா எழவில்லை. நாகர்கோவிலிற் பிறந்த வேறொரு தம்பியின் கதை நினைவுக்கு வந்துவிட்டது.

இராமநாதன் கிருஷ்ணன் 1937ஆம் ஆண்டு பிறந்தவர். அவருக்கு ஆட்டம் கற்பித்த ஆசான் அவருடைய தந்தையாரே. டி. கே. இராமநாதன் என்னும் அப்பெரியார் தாமும் பெயர்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி மாணவர்க்கே உரிய பேர்ட்ரம் கிண்ணப் போட்டியிற் சேரப் பள்ளிச் சிறுவனான கிருஷ்ணன் தனி அநுமதி பெற்று, 1951இல் அதனை வென்றார். 1953இல் விம்பிள்டன் சென்று, இளைஞர் பிரிவின் இறுதியாட்டம்வரை முன்னேறித் தோற்றார்.

தோற்றவர் மட்டையைப் பரண்மேற் போட்டுவிட்டாரா? மறு ஆண்டே திரும்பிச் சென்று, ஆஸ்திரேலியரான அஷ்லி கூப்பரை வென்று பட்டத்தைப் பெற்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தை முதன்முதல் வென்றவர் அவரே. மண் மைதானத்திற் பந்து மெல்ல எழும்பி வரும்; புல்லிலோ தாழ்ந்து வழுக்கி ஓடும். வெயிலும் புழுதியும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பச்சைப் புல் எத்தனை புதிதாய் இருந்திருக்கும்!

கிருஷ்ணனுடைய சர்வீஸ் மின்னலன்று; மிகச் சாதாரணமானது. எதிரியை அச்சுறுத்தும் அசுர பலமும் அவரிடம் இல்லை. எங்கே அடித்தால் எதிரி எட்டமாட்டான் என்னும் கணக்கே அவர் கைவசம் இருந்தது. அக்கணக்கைக்கொண்டே 1961இல் ரோய் எமேர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்தி, இரண்டாம் முறையாக விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தார்.

அக்காலத்தில் இப்பெரும் போட்டிகள் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்க்கே உரியவை. தொழில்முறையாளர்க்கும் விம்பிள்டன் கதவு திறந்தது 1968இலேதான். ஜாக் கிரேமர் என்பவர் பெருந்தொகை தருவதாகக் கூறித் தம் தொழிற்குழுவுக்கு அழைத்தபோது, கிருஷ்ணன் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் டேவிஸ் கிண்ணத்தில் நாட்டுக்காக ஆட முடியாது. 1966இற் கல்கத்தாவில் பிரேசிலின் தோமஸ் கோக்குக்கு எதிராக ஒன்றுக்கு இரண்டு செட்டுகளாகவும், நான்காவது செட்டில் 2–5 ஆகவும் பின்தங்கி நின்று, அங்கிருந்து மீண்டு இந்தியாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றாரே, அந்த மாலைப்பொழுதுக்கு எத்தொகை ஈடாகும்?

இக்கதை முழுவதையும் தந்தையாரிடம் கூறினோம். அவர் தலையசைத்தாரேயன்றி வாய்திறக்கவில்லை. மாணவரைத் தனியே அழைத்து, நமக்குத் தெரிந்த சிறிதைச் சொன்னோம். சுவரில் மூன்றடிக் கோடு மட்டும் போதாது. வலையை உராய்ந்து செல்லும் பந்து கிட்டவே விழுந்து எதிரிக்கு வசதியாகிவிடும். ஆகவே இரண்டடி மேலே இன்னொரு கோடு வேண்டும். வலை நடுவில் மூன்றடி, ஓரத்தில் மூன்றரையடி. ஒற்றையர் களத்தின் நீளம் 78 அடி. மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 82½ அடி. ஆகவே குறுக்காக அடிப்பவனுக்கு வலையும் தாழ்வு, இடமும் அதிகம். நெருக்கடியில் அகப்பட்டால் அந்த வழியே போ என்றோம். சோளகம் வீசும் நாளிற் சர்வீசுக்குப் பந்தை உயர எறியாதே என்றும், மூலையில் ஒரு பொச்சுமட்டையை வைத்து அதனைக் குறிபார்த்து நாளுக்கு ஐம்பது முறை அடி என்றும் சொன்னோம். ஐம்பதிற் பத்தாவது படவேண்டும் என்றதும் தம்பி சிரித்தார். பாடப்புத்தகத்தை இரவில் எடுக்காவிட்டால், காலையில் மட்டையைத் தொடக்கூடாது என்றதும் சிரிப்பு நின்றது.

இது நடந்து பத்து நாளாகிறது. நேற்று விடியுமுன் அவ்வழியே சென்றோம். தம்பி மட்டையுடன் காத்து நின்றார். தந்தையார் கையில் டோர்ச் விளக்கைப் பிடித்தபடி, கிழுவை வேலிக்குள் விழுந்த பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.