ஆடுதாண்டும் பாறைக்கு ஒரு பகல்நடை

மலைவழி செல்வோர்க்கு வழி கூறும் மரபு தமிழுக்குப் புதியதன்று. நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், அவன் கொடையைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்த வழியில் இரவில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறும், வழுக்கும் இடங்களில் பற்றுக்கோடு கொண்டு நடக்குமாறும் அறிவுறுத்துகிறது. பரிசில் பெறுவதைப் போலவே ஊறின்றிப் போய்ச்சேர்வதும் முதன்மையானது என்பது பெருங்கௌசிகனார்க்குத் தெரிந்திருந்தது.

அதே அக்கறையோடு இன்று திட்டமிடத்தக்க ஓரிடம், கர்நாடகத்தில் காவிரி பாயும் மேகேதாட்டு. கன்னடத்தில் 'மேகே' என்பது ஆடு; 'தாட்டு' என்பது தாண்டுதல். ஓர் ஆடு தாவிக் கடந்ததாக மக்கள் கதை சொல்லும் அளவுக்கு ஆறு அங்கே ஒடுங்குகிறது. அர்க்காவதி ஆறு காவிரியோடு கலக்கும் சங்கமத்திலிருந்து, கரையை ஒட்டிய காட்டுவழியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்தால் அவ்விடுக்கை அடையலாம்.

திட்டத்தின் முதற்பணி காலக்கணக்கு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நைஸ்மித் 1892இல் ஓர் எளிய வாய்பாட்டை வகுத்தார். 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற்றத்திற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இதன்படி சங்கமத்திலிருந்து இடுக்கை அடைய ஐம்பது நிமிடமே போதும். ஆனால் அவ்வாய்பாடு வலிமையுள்ள நடையருக்கு உரியது. முப்பது மாணவர் கொண்ட குழு, அதில் மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே நகரும். ஆகவே அக்கணக்கை இரட்டிப்பதே முறை. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் 9.40க்குச் சேரலாம். நண்பகல் 12 மணியைத் திரும்பும் நேரமாக முன்கூட்டியே குறித்துக்கொண்டால், பாறைகள் கொதிக்கும் பிற்பகலின் பெரும்பகுதியையும், யானைகள் நீருக்கு வரும் மாலையையும் தவிர்க்கலாம். அந்நேரத்தில் இடுக்கை எட்டியிராவிட்டாலும் திரும்பவே வேண்டும். குறித்த நேரத்தை அங்கு சென்றபின் தளர்த்துவோரே பெரும்பாலும் இருட்டில் அகப்படுகின்றனர்.

அடுத்தது நீர். இதைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். அகன்ற ஆற்றில் நீர்வரத்து மிகுந்தால் வெள்ளம் பக்கவாட்டில் பரவும். மட்டம் மெல்ல உயரும். இருபுறமும் பாறைச்சுவர் நிற்கும் இடுக்கில் பரவ இடமில்லை. எனவே நீர் மேல்நோக்கி எழும், விரைவும் கூடும். மேகேதாட்டில் வானம் தெளிந்திருக்கும்போதும் இது நிகழலாம். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிரப்ப, அங்குத் திறக்கப்படும் நீர் பின்னர் இங்கு வந்துசேரும். அணைகளின் நீர்மட்டத்தையும் நீர்திறப்பையும் நாளிதழ்கள் வெளியிடுகின்றன. பலரும் புரட்டிவிட்டுப் போகும் அச்சிறு செய்தியே இப்பயணத்திற்கு வானிலை அறிக்கையைவிடப் பயனுள்ளது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பயணத்தை ஒத்திவைப்பதே நன்று.

இடுக்கின் பாறைகளும் ஏமாற்றக்கூடியன. சுழல்நீரில் அகப்பட்ட கூழாங்கற்கள் நெடுங்காலம் சுழன்று அரைத்ததால், அங்குக் குடம்போன்ற குழிகள் தோன்றியுள்ளன. அவ்வாறே நீர் தேய்த்த பாறைமுகம் வழவழப்பாக இருக்கும். ஈரம் பட்டால் காலூன்ற இயலாது. மேற்பரப்பில் அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் சுழல் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவரும் விழுந்தால், செங்குத்தான வழுக்குச்சுவரில் பற்றி ஏற இடமில்லை. இடுக்கின் விளிம்பிலிருந்து பல அடி தள்ளி நின்றே காணவேண்டும். நிழற்படத்திற்காக அவ்வெல்லையைத் தாண்டுவதற்கு எவருக்கும் இசைவு தரலாகாது.

குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். ஒருவருக்கு மூன்று லிட்டர் என்பது மிகையன்று. பெங்களூரின் கழிவுநீரைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது; அர்க்காவதியோ சங்கமத்தில் காவிரியை அடைகிறது. காட்டாறு என்பதால் நீர் தூயது எனக் கொள்வது தவறு. அர்க்காவதியைக் கடக்க நீர் குறைந்த காலத்தில் நடந்தே செல்லலாம். பெருகிய காலத்தில் பரிசல் தேவைப்படும். பரிசலோட்டி மறுத்தால் அவரிடம் வாதிடுவது பேதைமை.

காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதி ஆதலால், வனத்துறையின் இசைவையும் நேரக் கட்டுப்பாட்டையும் முன்னரே கேட்டறிய வேண்டும். இதை வெறும் அலுவலகச் சடங்காகக் கருதுவோர் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கெனத் தனி விதிகளை வகுத்தது. காய்ந்த புல் மண்டிய கோடையில் வனத்துறை வழியடைத்தால், அதற்குக் காரணம் உண்டு.

இறுதியாக ஒரு தாள். செல்வோர் பெயர், வழி, திரும்பும் நேரம், வனத்துறைத் தொடர்பெண் ஆகியவற்றை எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லவேண்டும். இடுக்கில் கைப்பேசியை நம்புவதற்கில்லை. குறித்த நேரத்தில் குழு திரும்பாவிடில், எங்கே தேடத் தொடங்குவது என்பதை அத்தாளே கூறும்.